எந்த வாறன்

"மாமா, இதிலை எது?" எண்டு ஆரணி கேக்கிறாள். எது எண்டு நான் என்னண்டு சொல்லுறது. மீன்பிடிச் சாமான் கடையின்ரை சுவர் முழுக்கப் பொய் இரை தொங்குது, முழங்காலிலை தொடங்கி என்ரை தலைக்கு மேலை ரெண்டு முழம் மட்டும், பச்சை, மஞ்சள், ஊதா, வெள்ளி, கண் வைச்சது, கண் வைக்காதது, இருட்டிலை மினுங்கிறது, வெயிலிலை மினுங்கிறது, மீனைப்போலை செய்தது, மீனைப்போலை செய்யாமலே மீனை ஏமாத்திறது. கலியாணத்துக்குச் சீலை எடுக்க வந்த பொம்பிளையள் மாதிரி ரெண்டுபேரும் அரை மணித்தியாலமாய் இந்த ஒரு சுவருக்கு முன்னாலை நிக்கிறம். ஈயக் குண்டுத் தலையும் மயிர் வாலுமாய் இருக்கிறது ஜிக். தட்டையாய் வளைஞ்சு, சாப்பாட்டுக் கரண்டியின்ரை பிடியை முறிச்சு எறிஞ்ச மாதிரி இருக்கிறது ஸ்பூன். நாங்கள் கரண்டி எண்டுதான் சொல்லுறது. நாங்கள் எண்டால் நானும் விமலும். விமலேந்திரன், ஆரணியின்ரை தகப்பன், கனடாவிலை இந்த ஸ்காபரோவிலை எனக்கு இருந்த ஒரே ஒரு சிநேகிதன். போன செப்ரெம்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை சால்மன் பிடிக்கப் போய் வாவிக்குள்ளை விழுந்து செத்துப்போனான். நாளைக்கு விடிய இவள் அதே இடத்திலை நிண்டு ஒரு சால்மன் பிடிக்கவேணுமாம். தாய் சறோவும் வாறாவாம். நான் வலை பிடிக்கவேணுமாம். "நீங்கள்தானே அப்பாவுக்கும் வலை பிடிச்சனீங்கள்" எண்டு போனிலை கேட்டாள், நான் ஓம் எண்டிட்டன். வேறை என்ன சொல்லுறது. மாட்டன் எண்டால் ஏன் எண்டு கேப்பாள். ஏன் எண்டு கேட்டால் சொல்லவேண்டி வரும். ஒரு வருசமாய் நான் சொல்லாமல் வைச்சிருக்கிறது ஒண்டு இருக்கு. ஆரணிக்கும் சொல்லேல்லை, சறோவுக்கும் சொல்லேல்லை, வந்து விசாரிச்ச பொலிசுக்கும் சொல்லேல்லை. நான் சொல்லாததாலை செத்தவனுக்குத்தான் பேச்சு விழுகுது. அதுவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் இஞ்சை நிண்டு கரண்டி பாக்கிறன்.

"பச்சையை எடுக்கட்டோ?" எண்டுறாள். எடு எண்டு தலையாட்டிறன், பிறகு பொறு எண்டுறன். பச்சை விடியப்புறம் முதல் அரை மணித்தியாலத்துக்குத்தான் சரி பிள்ளை, வெளிச்சம் வந்தால் வெள்ளி, வானம் மப்பு எண்டால் செம்மஞ்சள், தண்ணி கலங்கல் எண்டால் நல்லாய்க் கிலுங்கிற சாமான், எண்டு வாய் தன்பாட்டிலை சொல்லிக்கொண்டு போகுது. விமல் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பான். ஊரிலை நாங்கள் ரெண்டுபேரும் மீன் பிடிச்ச ஆக்களோ, மீன் வாங்கித் திண்ட ஆக்கள். நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், அவன் தபால் கந்தோர். மூண்டு பக்கமும் கடல் உள்ள யாழ்ப்பாணத்திலை பிறந்து ரெண்டுபேருக்கும் நீந்தத் தெரியாது. தூண்டில் தடியை எந்தப் பக்கத்தாலை பிடிக்கிறது எண்டதையே இஞ்சை வந்து அம்பது வயதிலை வீடியோ பாத்துத்தான் பழகினனாங்கள். பனிக்காலம் முழுக்க அவன்ரை வீட்டு நிலக்கீழ் அறையிலை இருந்து வீடியோ பாக்கிறது, சறோ தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சிட்டு, கண்டறியாத மீன் எண்டு பேசிப்போட்டுப் போறது. அந்த வீடியோக்காரன் ஒருக்கால் சொன்னவன், சால்மன் முட்டை போட ஆத்துக்கு ஏற வாவி ஓரத்துக்கு வாற நேரம் ஒண்டும் தின்னாதாம், குடலே சுருங்கிப்போயிடுமாம், ஏறி முட்டை போட்டிட்டுச் சாகத்தான் வருகுதாம். அப்ப ஏன்ரா உது கரண்டியைக் கடிக்குது எண்டு விமல் கேட்டான். அதுக்கும் வீடியோக்காரன் மறுமொழி வைச்சிருந்தான். பசியிலை இல்லை, எரிச்சலிலை. முன்னாலை வந்து ஆட்டிக்கொண்டு நிண்டால் பொறுக்கமாட்டாமல் கடிக்குமாம். விமல் என்னைத் திரும்பிப் பாத்து, "மச்சான் பத்மன், அப்ப அது உன்ரை சொந்தக்காரன்" எண்டான். சறோ அங்கை மேலை நிண்டு சிரிச்சது கேட்டது. எனக்குக் கோவம் வந்தது. சின்ன விசயத்துக்கும் எனக்குக் கோவம் வரும், அதை ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை, ஊருக்கே தெரியும். அவனுக்கு வாய் மூடாது, எனக்கு வாய் திறவாது. கல்லிலை நிண்டு நான் தண்ணியையும் நூலையும் பாத்துக்கொண்டு நிக்க, அவன் கோயில் கொமிற்றிச் சண்டை, சறோவின்ரை கொலஸ்ரோல், ஆரணியின்ரை புது வேலை எண்டு அலட்டிக்கொண்டு நிப்பான். நான் எரிச்சலிலை ம், ம் எண்டுவன். ஆனால் ஒரு மீன் கொழுவினால் அந்த வாய் டக்கெண்டு மூடும். அலை தடுக்க வாவிக்குள்ளை நீட்டுக்குப் போட்ட பெரிய கல்லுகள் அது, பாசி பிடிச்சு வழுக்கும். ஒருத்தன் மேற்கல்லிலை நிண்டு இழுக்க, மற்றவன் நீட்டுப் பிடி வலையோடை கீழ்க்கல்லுக்கு இறங்குவான், ஒரு கையிலை வலை, மற்றக் கையாலை கல்லைப் பிடிச்சுக்கொண்டு. தனிய ஒருநாளும் கீழை இறங்கிறேல்லை எண்டு பேச்சு. பேசினது அவன்தான். வலை என்ரை, நெடுக என்ரை காரிலைதான் கிடக்கும்.

ஆரணி கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பையை எடுக்கிறாள். "இதைப்போலை ஒண்டு இருந்தால் நல்லம் மாமா. இது அப்பாவின்ரை." எனக்குத் தெரியாதோ அது ஆற்றை எண்டு. முழுக்க மஞ்சள், நுனியிலை மட்டும் செம்மஞ்சள். விமல் எல்லாக் கரண்டிக்கும் பேர் வைச்சிருந்தவன், இதுக்கு மாம்பழம் எண்டு பேர். என்னட்டைத் தாறாள், நான் வாங்கிறன், வாங்காமல் என்ன செய்யிறது. கொக்கி மூண்டும் துருப்பிடிச்சுப் போச்சு, மஞ்சள் பூச்சிலை பல்லுக் கீறின கோடு. அண்டைக்கு அவனை எடுத்த ஆக்கள் தடியையும் கல்லிடுக்கிலை கண்டு எடுத்தவை. நூல் அறேல்லை. நூலின்ரை நுனியிலை இந்த மாம்பழம், மாம்பழத்திலை ஒரு சால்மன், உயிரோடை. பொலிஸ்காரன் அதைச் சொல்லேக்கை ரெண்டு கையையும் விரிச்சு இவ்வளவு பெரிசு எண்டு காட்டினவன், எங்களுக்கு ஆறுதலாய் இருக்கும் எண்டு நினைச்சானோ என்னவோ. அதாவது மீனைக் கிட்ட இழுத்துக் கொண்டுவந்து, வலை பிடிக்க ஆள் இல்லாமல், தானே கீழை இறங்கியிருக்கிறான். ஒரு கை தடிக்கு, மற்றக் கை மீனுக்கு. கல்லைப் பிடிக்கக் கை இல்லை. இதைப் பொலிஸ்காரன் சொல்லேல்லை, ஆரும் சொல்லேல்லை, ஆனால் பத்து வருசம் அந்தக் கல்லிலை நிண்டவனுக்கு ஆர் சொல்லவேணும். "பழுதாப் போச்சு என்ன" எண்டுறாள் ஆரணி. ஓம் பிள்ளை, கொக்கி மாத்தவேணும் எண்டுறன். கொக்கி மாத்திறதைப் பற்றி எவ்வளவு நேரமும் என்னாலை கதைக்கலாம். வெளியிலை நல்ல வெயில், சனிக்கிழமை, கடைக்குள்ளை ஆரோ ஒருத்தன் தடியை வளைச்சு வளைச்சுப் பாக்கிறான், ரப்பர் புழுக்களின்ரை மணம் மூக்கிலை ஏறுது, பழைய செருப்புக்கடை மணம்.

போன கிழமைதான் விமலின்ரை முதல் ஆட்டைத் திவசம் முடிஞ்சது. ஐயர் போனபிறகு பந்தி வைச்சு, சறோ தானே வந்து எனக்குச் சோறு போட்டா. போட்டுக்கொண்டு, மெல்லமாய், மற்ற ஆக்களுக்குக் கேக்காமல் சொன்னா, "பத்மண்ணை, எல்லாரும் ஆத்துமா சாந்தி ஆத்துமா சாந்தி எண்டினம். எனக்கு அந்தச் சொல் வாயிலை வருகுதில்லை. அந்த மனிசன் பிள்ளைக்குப் பொய் சொல்லிப்போட்டுப் போய்ச் செத்தது." அவ சொல்லுறதிலை பிழையில்லை, அவவுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அண்டைக்கு அவ முதியோர் இல்லத்துச் சமையலறையிலை காலமை வேலை. எட்டு மணிபோலை விமல் வீட்டுக்குள்ளை வந்து தடியை எடுத்துக்கொண்டு வெளிக்கிடேக்கை ஆரணி படுத்திருந்தவள், கதவைத் தட்டி, "பத்மன் மாமா அங்கை நிக்கிறார், நானும் போறன்" எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கிறான். ஆனால் நான் அங்கை நிக்கேல்லை. நான் எல்லாருக்கும் என்ன சொன்னனான் எண்டால், காலமை விமல் எனக்கு எடுத்தவன், மீன் இல்லை நான் வெளிக்கிடப்போறன் எண்டு சொன்னனான், அவனும் சரி எண்டு வைச்சவன் எண்டு. அப்ப என்ன அர்த்தம்? நான் அங்கை இல்லை எண்டு தெரிஞ்சுகொண்டே, நான் நிக்கிறன் எண்டு பிள்ளைக்குப் பொய் சொல்லி, ஆசையிலை தனியப் போனவன் எண்டு அர்த்தம். மீன் விசர் பிடிச்ச மனிசன் எண்டு சொந்தக்காரர் எல்லாம் தலையாட்டிச்சினம். கட்டினவளுக்கும் பெத்த பிள்ளைக்கும் செத்த மனிசன் பொய்யனாய்ப் போனான். அவ சொல்லச் சொல்ல நான் கத்தரிக்காய்க் குழம்பை விட்டுக் குழைச்சுச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தன். இன்னும் கொஞ்சம் போடட்டோ அண்ணை எண்டா, போடுங்கோ எண்டன். என்ன சென்மமோ நான்.

"ஜிக்கும் ரெண்டு எடுப்பமோ? எத்தினை அவுன்ஸ்?" முக்கால் எடு. இல்லை, அரை. காத்தைப் பொறுத்தது பிள்ளை, காத்து எண்டால் பாரமானது, அரை அவுன்ஸ் எண்டால் அடியிலை போய் இருக்காது. அண்டைக்குக் காத்து இல்லை, நான் நிக்கிற மட்டும் இல்லை. நான் வெளிக்கிட்ட பிறகுதான் எழும்பியிருக்கவேணும். ஏழு அம்பதுக்குப் போன் அடிச்சது. விமல். வேலையிலை ராத்திரி நிண்டு வந்தவன், வரமாட்டன் நித்திரை கொள்ளப்போறன் எண்டு முதல் நாளே சொன்னவன். "கடிக்குதோ மச்சான்?" எண்டான். என்ரை காலடியிலை மூண்டு சால்மன் கிடக்குது, மூண்டாவது இன்னும் வாலடிக்குது. பத்து வருசத்திலை அப்பிடி ஒரு காலமையை நான் காணேல்லை, வாவி கண்ணாடி மாதிரி, கல்லிலை வேறை ஒரு சனம் இல்லை, ஒருத்தரும் கதைக்கேல்லை. "எங்கை மச்சான், ஒண்டையும் காணேல்லை" எண்டன். ஏன் அப்பிடிச் சொன்னனான் எண்டால் சொன்னனான்தான். ஒரு காலமை, ஒரே ஒரு காலமை அந்த அலட்டல் இல்லாமல் எனக்கு வேணும் போலை இருந்தது, அது கொலைக்குற்றமோ. "சரி மச்சான், அப்ப நான் வாறன்" எண்டான். "ஓம், வா" எண்டன். வைச்சன். அவ்வளவுதான் நடந்தது. எங்கடை ஆக்கள் போறன் எண்டு சொல்லுறேல்லை, போறன் எண்டால் திரும்பி வராத போக்கு. வீட்டாலை வெளிக்கிட்டாலும் வாறன், போனை வைக்கிறதெண்டாலும் வாறன், விமானம் ஏறி உலகத்தின்ரை மற்றக் கரைக்குப் போறதெண்டாலும் வாறன். அதுக்கு மறுமொழி ஓம் வா, இல்லாட்டில் சரி வாங்கோ. வாறன் எண்டால் போறன், வா எண்டால் போ. ஆயிரம் தரம் அவன் அப்பிடிச் சொல்லிப் போனை வைச்சிருக்கிறான். ஆயிரத்தோராவது தரமும் போனை வைக்கத்தான் சொல்லுறான் எண்டு ஒரு மனிசன் நினைக்கக்கூடாதோ. நினைக்கலாம். எந்தக் கோட்டிலையும் நிண்டு சொல்லலாம். இஞ்சத்தை நீதவானுக்குத் தமிழ் விளங்கப்படுத்திறதுதான் கரைச்சல்.

ஆனால் 'நான்' எண்டு ஒரு சொல்லு இருந்ததே. போனை வைக்கிறவன் 'சரி, வாறன்' எண்டுவான். 'அப்ப நான் வாறன்' எண்டும் சொல்லுறதுதான், இல்லை எண்டில்லை. அழுத்தினானோ, நானை அழுத்தினானோ எண்டு ஒரு வருசமாய்க் காதுக்குள்ளை போட்டுக் கேட்டுப் பாக்கிறன், படுக்கேக்கை, சவரம் எடுக்கேக்கை, சிவப்பு லைற்றிலை நிக்கேக்கை. கேக்கக் கேக்க அவன்ரை குரல் தேஞ்சுபோகுது, இப்ப அது என்ரை குரலிலைதான் கேக்குது. குரல் போனாலும் மற்றச் சத்தம் போகேல்லை. அவன் கதைக்கேக்கை பின்னாலை டிங், டிங், டிங் எண்டு கேட்டது. காருக்குள்ளை இருந்து பெல்ற் போடாட்டில் அடிக்குமே, அந்தச் சத்தம். நித்திரை கொள்ளப்போறவன் காருக்குள்ளை ஏன் இருக்கிறான். வேலையாலை வந்து இறங்கியிருக்கலாம். கடைக்குப் போயிருக்கலாம், பால் வாங்க. பால் வாங்க, பால் வாங்க எண்டு எவ்வளவு நாள் எனக்கு நானே சொன்னனான். பிறகு இன்னொண்டு. அதை விட்டிட்டன். எப்பவும் அந்த இடத்தைத் தாண்டித்தான் நினைக்கிறது, படியிலை உடைஞ்ச கல்லைத் தாண்டி மிதிக்கிற மாதிரி. மீனைக் காணேல்லை எண்டு நான் சொன்ன உடனை அவன் வாறன் எண்டு சொல்லேல்லை. நடுவிலை ஒண்டு கேட்டவன். "தனியவோ நிக்கிறாய்?" எண்டு கேட்டவன். ஓம் எண்டன். "கல்லு வழுக்கும், கீழை இறங்காதை. சரி மச்சான், அப்ப நான் வாறன்." இப்பிடித்தான் சொன்னவன். இதைக் கேட்டிட்டு ஒரு குழந்தைப்பிள்ளைக்கும் விளங்கும் எந்த வாறன் எண்டு. அவன் மீனுக்கு வெளிக்கிடேல்லை. மீன் இல்லை எண்டு நான்தான் சொல்லிப்போட்டனே. ராத்திரி முழுக்க வேலை செய்த கண்ணோடை, நான் தனிய நிக்கிறன் எண்டு வெளிக்கிட்டவன்.

"மாமா, ஏதும் செய்யுதோ? முகம் ஒரு மாதிரி இருக்கு." ஒண்டுமில்லை பிள்ளை, லைற் கண்ணிலை அடிக்குது. வெள்ளியிலை ஒண்டு எடு, அந்த நீலக்கோடு போட்டது. எடுக்கிறாள், கூடைக்குள்ளை போடுறாள். கூடைக்குள்ளை இப்ப ஆறு கரண்டி, ரெண்டு ஜிக். ஒரு காலமைக்கு இவ்வளவும் என்னத்துக்கு, ஆனால் இந்தச் சுவரை விட்டு நகந்தால் காசு குடுக்கிற இடம், அதுக்குப் பிறகு கார், அதுக்குப் பிறகு நாளைக்கு. நாளைக்குச் சறோ அந்தக் கல்லிலை வந்து நிண்டு தண்ணியைப் பாத்து அவனைப் பேசப்போறா. நான் வலையோடை பக்கத்திலை நிக்கவேணும். அதே வலை. எந்த வாறன் எண்டு விளங்கேல்லை எண்டால் நான் ஏன் அண்டைக்கு எட்டே காலுக்கு மூட்டை கட்டினனான்? மீன் கடிச்சுக்கொண்டு இருக்குது, எறியிற ஒவ்வொரு எறிக்கும் அடிக்குது, எந்த விசரனும் அந்த நேரம் தடியைச் சுருட்டமாட்டான். நான் சுருட்டினன். மூண்டு மீனையும் கறுப்புப் பையிலை போட்டுக் கட்டி, இரத்தம் பட்ட கல்லை வாளியாலை தண்ணி அள்ளிக் கழுவினன். கழுவினனான். ஏன் கழுவினனான்? அவன் வந்து பாத்தால் மீன் பிடிச்சது தெரியும், பொய் சொன்னது தெரியும், வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான், சறோவுக்கும் சொல்லுவான், அவவும் சிரிப்பா. அந்தச் சிரிப்புக்குப் பயந்து. வேறை ஒண்டுக்கும் இல்லை. பிறகு ஹைவேயாலை போகாமல் பழைய றோட்டாலை போனன், எதிரிலை அவன்ரை கார் வந்தால் கண்டிடுவான் எண்டு. போகேக்கை போன் அடிச்சது, பக்கத்துச் சீற்றிலை கிடந்தது, அவன்ரை பேர் தெரிஞ்சது. திரும்பவும் அடிச்சது. போனைக் கவிட்டு வைச்சன். மூண்டாந்தரமும் அடிச்சது, சீற்றிலை கிடந்து நடுங்கினது. பத்மன் கோப்பி வாங்கப் போயிருப்பான், இப்ப வந்திடுவான் எண்டு நினைச்சுத்தான் அவன் கல்லுக்குப் போயிருப்பான். தண்ணி பட்டிடும் எண்டு போனை நெடுக காரிலைதான் விட்டிட்டுப் போவான். நான் வந்திடுவன் எண்டு நம்பித்தான் மீனைக் கொழுவினபிறகும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கொண்டு நிண்டிருப்பான். எவ்வளவு நேரம் நிண்டிருப்பான்?

"ஒண்டு கேக்கட்டோ மாமா? கோவிக்கமாட்டியளே?" எண்டு ஆரணி கேக்கிறாள். என்னைப் பாத்துக் கேக்கேல்லை, ஊதாக் கரண்டியைப் பாத்துக் கேக்கிறாள். கேள் எண்டன். "அப்பாவின்ரை போனைப் போன கிழமைதான் திறந்தனான். அம்மா பிறந்த வருசம்தான் திறக்கிற நம்பர், எங்களுக்குத் தெரியாமல் போச்சு. ஏழு அம்பதுக்கு உங்களோடை கதைச்சிருக்கிறார். பிறகு எட்டு அம்பத்தைஞ்சிலை இருந்து மூண்டு தரம் உங்களுக்கு எடுத்திருக்கிறார். நீங்கள் அங்கை இல்லை எண்டு தெரிஞ்சால் ஏன் மாமா எடுத்தவர்?" இதுதான். இதுக்குத்தான் இவள் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவள், கரண்டிக்கில்லை. அல்லது கரண்டிக்கும்தான், பாவம். இருபத்தி நாலு வயது, தகப்பன்ரை மூக்கு, தகப்பன்ரை அதே அவசரக் கண். "பிள்ளை, அப்பா கடைசியாய் என்னட்டை 'வாறன்' எண்டு சொன்னவர்" எண்டன். "நான் ஓம் வா எண்டனான். போனை வைக்கத்தான் சொல்லுறார் எண்டு… நாங்கள் வைக்கேக்கையும் வாறன் எண்டுதானே சொல்லுறது. அவர் உண்மையாய் வரப்போறார் எண்டு… நான் வெளிக்கிட்டிட்டன். பிறகு கார் ஓடிக்கொண்டு இருந்ததாலை போனை எடுக்கேல்லை." சொல்லி முடிச்சிட்டன். ஒரு வருசம் வாய்க்குள்ளை கிடந்தது, இப்பிடி நாலு வசனத்திலை வெளியிலை வந்திட்டுது, அதுவும் இவ்வளவு வடிவாய், இவ்வளவு ஒழுங்காய், பாடமாக்கின மாதிரி. பாடமாக்கினதுதான்.

ஆரணி கையிலை இருந்த கரண்டியைக் கொழுக்கியிலை திருப்பிக் கொழுவிறாள். ரெண்டு தரம் தவறி மூண்டாந்தரம்தான் கொழுவுப்படுது. "அப்ப அப்பா எனக்குப் பொய் சொல்லேல்லை" எண்டுறாள். இல்லைப் பிள்ளை. "உண்மையாய் நீங்கள் நிக்கிறியள் எண்டு நினைச்சுத்தான் போனவர்." ஓம் பிள்ளை. அழுகிறாளோ சிரிக்கிறாளோ தெரியேல்லை, ரெண்டும்தான். என்ரை சட்டைக் கையைப் பிடிச்சுக்கொண்டு, "இது ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் மாமா. இதைப் போய் ஒரு வருசமாய்த் தனிய மனசிலை வைச்சுக்கொண்டு… எங்களிட்டைச் சொல்லியிருக்கலாமே. பாவம் நீங்கள்" எண்டுறாள். பாவம் நான். எவ்வளவு சுகமாய் இருக்கு இதைக் கேக்க. நெஞ்சுக்குள்ளை இருந்த பெரிய பாரம் ஒண்டை ஆரோ தூக்கி இறக்கின மாதிரி உண்மையாகவே இருக்கு, அதுதான் வெக்கம். இதோடை விட்டிடலாம். விமலின்ரை பேரும் சுத்தமாப் போச்சு, என்ரை பேரும் ஊத்தையாகேல்லை, சொல்லுத்தான் பிழை, தமிழ்தான் பிழை, ஒருத்தரும் குற்றவாளி இல்லை. இதைவிட மலிவாய் ஒருத்தனுக்கும் கிடைக்காது. "அம்மாவுக்கு இப்பவே சொல்லவேணும்" எண்டு ஆரணி போனை எடுக்கிறாள், ஸ்பீக்கரிலை போடுறாள். வேண்டாம் எண்டு கையைத் தூக்கிறன், அதுக்குள்ளை சறோ எடுத்திட்டா. ஆரணி மூச்சுவிடாமல் சொல்லுறாள், வாறன் எண்டு சொன்னவராம் அம்மா, மாமாவுக்கு விளங்கேல்லையாம் அம்மா, அப்பா பொய் சொல்லேல்லை அம்மா. அந்தத் தடி வளைச்சவன் எங்களைப் பாக்கிறான். பிறகு சறோவின்ரை குரல், எனக்குப் பழக்கமில்லாத சின்னக் குரல், "நான் ஒரு வருசமாய் அந்த மனிசனைப் பேசிக்கொண்டெல்லோ இருந்தனான்" எண்டு. "பத்மண்ணையிட்டைக் குடு."

ஆரணி போனை என்ரை முகத்துக்குக் கிட்டப் பிடிக்கிறாள். "பத்மண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. எங்கடை சொல்லு அப்பிடித்தானே. ஆருக்குத்தான் விளங்கியிருக்கும்? உங்களிலை ஒரு பிழையும் இல்லை. நாளைக்குக் கொண்டுபோகச் சம்பல் அரைச்சுக்கொண்டு நிக்கிறன், அவருக்கு விருப்பமான மாதிரி, உங்களுக்கும் சேர்த்துத்தான்." தான் அழுகிறது கேக்கக்கூடாது எண்டோ என்னவோ கிறைண்டரைத் திரும்பப் போட்டிட்டா. அது ஓடுது. என்ரை ஒரு கையிலை கூடை, மற்றக் கையிலை அந்தப் பிளாஸ்ரிக் பை. ஆருக்குத்தான் விளங்கியிருக்கும் எண்டு கேட்டால் என்ன மறுமொழி சொல்லுறது. அந்தக் கேள்விக்கு உலகத்திலை ஒருத்தன்தான் மறுமொழி சொல்லலாம். "எனக்கு விளங்கினது, சறோ" எண்டு என்ரை வாய் சொல்லுது. ஆரணியின்ரை கை என்ரை சட்டையை விடுகுது. "என்ன அண்ணை? கிறைண்டர் ஓடுது, கேக்கேல்லை. பொறுங்கோ நிப்பாட்டிறன்." நிப்பாட்டிறா. "இப்ப சொல்லுங்கோ." நாளைக்கு எத்தினை மணிக்கு வரட்டும் எண்டு கேட்டனான் எண்டு இப்ப சொல்லலாம், அவ அஞ்சரை எண்டுவா, கதை முடிஞ்சுது. ஆரணி என்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள். "விமல் வாறான் எண்டு எனக்கு விளங்கினது, சறோ" எண்டு திருப்பிச் சொல்லுறன். "விளங்கித்தான் வெளிக்கிட்டனான்."